பத்தாங் பெர்ஜுந்தை: சனிக்கிழமை வகுப்பு சார் நம்மை விட்டுப் போய்விட்டார்

ஆற்றங்கரை எழுதியது (செவ்வாய், இரவு 9.40)

வணக்கம். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்காவது இந்நேரம் செய்தி வந்திருக்கும். சனிக்கிழமை வகுப்பு சார் போன புதன்கிழமை விடியற்காலை தூக்கத்திலேயே இறந்துவிட்டார். 77 வயது. மறுநாள் மாலை எடுத்தார்கள். நான் கோலாலம்பூரிலிருந்து வந்து சேரும்போது பந்தலைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்தவர்கள் ஒரு பக்கம், மண்டபத்தில் படித்தவர்கள் ஒரு பக்கம். மலாய்க்காரர்களும் சீனர்களும் நிறைய வந்திருந்தார்கள். அவரிடம் முனைவர் பட்டம் வாங்கிய ஒரு மலாய் அம்மா கடைசி வரை சுவரைப் பிடித்தபடி நின்று அழுதார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிலாங்கூர் ஆற்றோர ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிய அம்மாவுக்குப் பிறந்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளி, புகுமுக வகுப்பு, கோலசிலாங்கூரில் ஆங்கிலப் பள்ளி என்று படித்து மலாயாப் பல்கலைக்கழகம் போனார். அவர் நுழைந்தபோது நாட்டிலேயே இருந்த பல்கலைக்கழகம் அது ஒன்றுதான். வேதியியல் படித்து, வெளிநாடு போய் முனைவர் பட்டம் வாங்கி, திரும்பி வந்து பேராசிரியராகி, 2003இல் ஓய்வு பெற்றார். பிள்ளைகள் கோலாலம்பூரில் வந்து இருக்கச் சொன்னார்கள். அவரோ நம் ஊர்த் தாமானில் (குடியிருப்பில்) ஒரு வரிசை வீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த மாதமே கோயில் மண்டபத்தில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வேதியியல் வகுப்பு. இருபது வருடத்துக்கு மேல் நடந்தது. ஒரு காசு வாங்கியதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் நாம் ஏதாவது முடிவு செய்ய வேண்டும். மண்டபத்துக்கு அவர் பெயர் வைக்கலாமா? அவர் பெயரில் கல்வி நிதி தொடங்கலாமா? யோசனை சொல்லுங்கள். அவரைப் பற்றி நினைவில் இருப்பதையும் எழுதுங்கள்.

---

மூன்றாம் நிரை எழுதியது (செவ்வாய், இரவு 10.15)

அண்ணே, எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. போன மாதம்தான் அவரை ரொட்டிச் சானாய்க் கடையில் பார்த்தேன். "மகன் எந்தப் படிவம்?" என்று கேட்டார். நாலாம் படிவம் என்றேன். "ஆறாம் படிவம் வந்ததும் அனுப்பு, நான் இருப்பேன்" என்றார்.

நான் 2006இல் மண்டபத்தில் படித்தவன். முதல் நாள் ஒரு தேநீர்க் கிளாஸில் கித்தாப் பால் (ரப்பர் பால்) கொண்டுவந்து மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு சின்னச் சீசாவில் வினிகர். "இது என்ன?" என்றார். பால் என்றோம். "இது ஏன் கட்டாம இருக்கு?" யாருக்கும் தெரியவில்லை. எங்கள் எல்லார் அம்மாவும் பாட்டியும் இருபது முப்பது வருடம் அதைச் சுமந்தவர்கள். எங்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம் சொன்னார். பாலுக்குள்ளே கித்தா கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளியைச் சுற்றியும் புரதத்தால் ஒரு மெல்லிய போர்வை, அதன் மேல் எதிர்மின்சுமை. எல்லாத் துளிக்கும் ஒரே சுமை என்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும். "லயத்துல பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க முகம் குடுக்காம இருப்பாங்களே, அந்த மாதிரி." அமிலம் விட்டால் அந்தச் சுமை போய்விடும், துளிகள் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்தில் பால் சேர்க்கும் ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றியது அதற்குத்தான். கட்டாமல் வைத்திருக்க அமோனியா விட்டதும் அதே காரணத்துக்குத் தலைகீழாக. இதைச் சொல்லிக்கொண்டே வினிகரை ஊற்றிக் கலக்கினார். கிளாஸுக்குள் பால் திரண்டு வெள்ளையாக ஒரு கட்டி வந்தது. அதைப் பிழிந்து என் கையில் வைத்தார். தண்ணீர் முழங்கை வரை ஒழுகியது. அந்த வாடை! எங்க பாட்டி சேலை வாடை. அன்றைக்குத்தான் வேதியியல் எனக்குப் பயமில்லாமல் போனது.

மண்டபத்துக்குப் பெயர் வைப்பதற்கு நான் ஆதரவு.

---

தமிழாசிரியை எழுதியது (புதன், காலை 6.20)

கண்ணீர் அஞ்சலி.

எனக்கு அவர் வேதியியல் சொல்லித் தரவில்லை, சொல் கேட்டார். வாரம் ஒரு முறையாவது தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், பாலிமருக்குப் பலபடின்னு சொல்றாங்களே, பிள்ளைங்களுக்குப் புரியுமா?" என்பார். ஆங்கிலத்தில் படித்தவர். 1983இல் பல்கலைக்கழகங்கள் முழுக்க மலாய்க்கு மாறியபோது மலாயில் பாடம் நடத்தப் பழகிக்கொண்டவர். ஓய்வுக்குப் பிறகு தமிழில் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். மூன்றாவது முறையாக எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொள்கிறேன் என்று சந்தோஷப்படுவார்.

1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகள் முன்னின்று கோலாலம்பூரில் நடத்திய முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைப் பார்க்க, பள்ளி மாணவராகப் பஸ் ஏறிப் போனவர் அவர். உள்ளே விடவில்லையாம். வாசலில் நின்று யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பினாராம். "தமிழ்ல இவ்வளவு பெரிய படிப்பு இருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

ஆனால் அகராதியில் இருக்கிற சொல்லைவிடத் தோட்டத்துச் சொல்தான் அவருக்குப் பெரிது. கட்டிப்பால், ஒட்டுப்பால், மங்கு, காண்டா, தீம்பார், நிரை என்று எதையும் மாற்ற விடமாட்டார். கேள்வித்தாளில் "மங்கில் 100 மில்லிலிட்டர் பால் இருந்தால்" என்றுதான் எழுதுவார் (மங்கு என்பது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்).

மண்டபத்துக்குப் பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது அம்மன் மண்டபம். நிர்வாகத்தில் இரண்டு கட்சி இருப்பது எல்லாருக்கும் தெரியும். அவர் பெயரை அந்தச் சண்டைக்குள் இழுக்க வேண்டாம்.

---

இஞ்சினியர் தம்பி எழுதியது (புதன், பிற்பகல் 1.05)

டீச்சர் சொல்வது சரி. கல்வி நிதிதான் நல்லது. ஆளுக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) போட்டாலும் முதல் வருடத்திலேயே நல்ல தொகை சேரும். ஆனால் சும்மா வங்கிக் கணக்கைத் திறந்துவிட முடியாது. சங்கமாகப் பதிய வேண்டும், கணக்கு காட்ட வேண்டும். மூன்று பேர் பொறுப்பெடுத்தால் நான் பாரங்களை எழுதித் தருகிறேன்.

எல்லாரும் அவர் அன்பானவர் என்று எழுதுகிறீர்கள், உண்மைதான். ஆனால் அவர் கண்டிப்பானவர் என்பதையும் யாராவது எழுத வேண்டும். நான் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவன். இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கூட அறிக்கையில் எண்களை நண்பனைப் பார்த்து எழுதிவிட்டேன். எண்கள் சரியானவை. ஆனால் நான் அளந்தவை இல்லை. கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டி, "இத நீ பாத்தியா?" என்றார். மூன்று முறை கேட்டார். கடைசியில் இல்லை என்றேன். பூஜ்யம் போட்டார். அந்தத் தவணையில் எனக்கு உபகாரச் சம்பளம் நின்றது. அப்பா கடன் வாங்கினார். ரொம்ப நாள் அவர் மேல் கோபமாக இருந்தேன். ஒரு தோட்டத்துப் பையனுக்கு இன்னொரு தோட்டத்துப் பையன் இவ்வளவு கடுமையாக இருக்கலாமா என்று தோன்றியது.

"இத நீ பாத்தியா?" என்று அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு இன்றுவரை முழுசாகப் புரியவில்லை.

---

பழைய லயம் எழுதியது (புதன், இரவு 8.30)

தம்பி, அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். நான் அவர் பக்கத்து வீட்டுக்காரன், ஒரே லயம் (தோட்டத்து வரிசை வீடு). அவரைவிட ரெண்டு வயசு சின்னவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் விடியற்காலை அஞ்சரை மணிக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். மதியத்துக்குள் வாளியைக் காண்டாவில் (தோளில் சுமக்கும் தடியில்) தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போக வேண்டும். அங்கே பாலை நிறுப்பார்கள், அல்லது அளப்பார்கள். ஆனால் சம்பளம் பாலுக்கு இல்லை, பாலில் இருக்கும் காய்ந்த கித்தாவுக்கு. நூறு பங்குப் பாலில் முப்பது, முப்பத்தைந்து பங்குதான் கித்தா, மீதி பெரும்பாலும் தண்ணீர். மழை நனைந்த மரம் என்றால் இன்னும் குறையும். அதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு, மெட்ரோலாக் என்று பெயர். ஒரு பங்கு பாலுக்கு ரெண்டு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, உயரமான பாத்திரத்தில் ஊற்றி, அந்தக் குழாயை மிதக்க விடுவார்கள். எந்தக் கோடு வரைக்கும் முங்குகிறது என்று கிராணி (தோட்டத்து எழுத்தர்) குனிந்து பார்த்து ஒரு நம்பரைச் சொல்லுவார், எழுதுவார். அவ்வளவுதான். அந்த நம்பர்தான் அன்றைய கூலி.

எங்கள் அம்மாக்கள் யாரும் அந்தக் குழாயைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. எட்டி நிற்க வேண்டும். படிக்கவும் தெரியாது.

ஒரு மழைக்கால மாதம் அவர் அம்மாவுக்குத் தொடர்ந்து குறைவாகவே எழுதினார்கள். சம்பள நாளில் பெரட்டுக்களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சத்தம் போட்டு அழவில்லை. முந்தானையைப் பிழிந்துகொண்டே, "நான் சொமந்த பாலு எனக்குத் தெரியாதா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது சார் ஆறாம் வகுப்பு. அம்மா கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போனது அவர்தான்.

பல்கலைக்கழகம் போன ரெண்டாவது வருடம், ஆய்வுக்கூடத்தில் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். அதே குழாய். "எங்கம்மாவ ஒக்கார வச்ச கொழா" என்று என்னிடம் சொன்னார். கித்தா தண்ணீரைவிட லேசு, அதனால் கித்தா கூடுதலாக இருந்தால் குழாய் ஆழமாக முங்கும். இவ்வளவுதான் அதன் ரகசியம். அந்த விடுமுறையில் ஒரு மெட்ரோலாக்கை யாரிடமோ இரவல் வாங்கித் துண்டில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தார். எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து ஒரு வாளிப் பாலில் மிதக்க விட்டு, அம்மாவுக்குக் கோட்டைக் காட்டினார். எண் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு நகத்தால் தொட்டுத் தொட்டு, இது பத்து, இது பதினொன்னு என்று சொல்லிக் கொடுத்தார். பிறகு ஒரு செம்புத் தண்ணீரைப் பாலில் ஊற்றி மறுபடி மிதக்க விட்டார். குழாய் மேலே ஏறியது.

அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப மழை நாள்ல கொறைஞ்சது நெசந்தானா? கிராணி சரியாத்தான் எழுதுனாரா?" என்றார்.

சார் சொன்னார்: "அன்னிக்கு நான் பாக்கலம்மா. எனக்குத் தெரியாது. இனிமே நீயே பாத்துக்க."

மறுவாரம் அம்மா ஸ்டோரில் எட்டி நிற்கவில்லை. குனிந்து பார்த்தார். அவர் பார்த்ததும் பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான்.

தம்பி, அவர் உன்னிடம் "இத நீ பாத்தியா" என்று கேட்டது அதனால்தான்.

---

இஞ்சினியர் தம்பி எழுதியது (புதன், இரவு 9.10)

ஐயா, இதை நான் முப்பது வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். நன்றி.

---

மூன்றாம் நிரை எழுதியது (புதன், இரவு 9.25)

ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டியும் ஸ்டோரில் குனிந்து பார்த்த பெண்களில் ஒருவராம். ஆனாலும் அம்மா ஒன்று சொன்னார்: "பார்த்த பிறகும் சில கிராணி கொறைச்சுத்தான் எழுதுனாங்க." எங்கள் சனத்தை ஏமாற்றினார்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது. சார் மேல் உள்ள மரியாதையில் அதை மழுப்பிவிட வேண்டாம்.

---

கிராணி மகள் எழுதியது (வியாழன், அதிகாலை 2.45)

இந்த இழையை முதல் நாளிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

என் அப்பா அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்றில் கிராணியாக இருந்தவர். எந்தத் தோட்டம் என்று சொல்ல விரும்பவில்லை. எங்கள் வீடு லயத்தில் இல்லை, மேட்டில் இருந்தது. லயத்துப் பிள்ளைகளோடு விளையாட எங்களை விடமாட்டார்கள். அதற்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

அப்பா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். அப்போது சார் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டார். ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் மோட்டாரில் வந்து இறங்கினார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். எனக்கு அவர் யாரென்று தெரியும், அவர் அம்மா கதையும் தெரியும். பயந்துதான் கதவைத் திறந்தேன். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அப்பா கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பழைய ஆட்களைப் பற்றிப் பேசினார்கள். பிறகு சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கிராணி ஐயா, கொழாயப் போடறதுக்கு முன்ன நொரைய வழிப்பீங்களா?"

நுரையை வழிக்காவிட்டால் கோடு சரியாகத் தெரியாது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "ஆள் கொறைவா இருந்த நாள்ல வழிச்சேன். கூட்டமா இருந்த நாள்ல வழிக்கல. கோடு தெரியாத நாள்ல நானா ஒரு நம்பரப் போட்டேன். போடும்போது தோட்டத்துப் பக்கமாத்தான் போட்டேன். மேல கேப்பாங்கன்னு பயம்."

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். என் அப்பா வாயால் இதைக் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை. சார் கையை விடவில்லை. "எங்கம்மாவுதா?" என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. வாழைப்பழத்தை உரித்துச் சின்னச் சின்னதாகப் பிட்டு அப்பாவுக்கு ஊட்டிவிட்டு, எழுந்து போனார். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது வந்தார். அப்பா இறந்தபோது பாடையைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

மூன்றாம் நிரை தம்பி, உங்கள் அம்மா சொன்னது உண்மை. அவரிடம் சொல்லுங்கள், ஒரு கிராணியின் மகள் ஒப்புக்கொண்டாள் என்று.

---

மூன்றாம் நிரை எழுதியது (வியாழன், காலை 7.50)

அக்கா, அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அந்தப் பிள்ளைய ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார். கண்டிப்பாக வாருங்கள்.

---

தமிழாசிரியை எழுதியது (வியாழன், மாலை 5.15)

அந்த வீட்டுக்கு மாதாமாதம் போனதைப் பற்றி என்னிடம்கூட அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பெயர், நிதி எல்லாம் பிறகு பார்ப்போம். தம்பி பாரங்களை எழுதட்டும், அது ஒரு பக்கம் நடக்கட்டும். அதற்கு முன் ஒரு விஷயம். வர்ற சனிக்கிழமை வகுப்பு என்ன ஆவது? பதினோரு பிள்ளைகள் இருக்கிறார்கள், அதில் ஆறு பேருக்கு இந்த வருடம் எஸ்டிபிஎம் (ஆறாம் படிவ இறுதித் தேர்வு). போன வாரமே மண்டபம் பூட்டிக் கிடந்தது. இரண்டு பிள்ளைகள் விவரம் தெரியாமல் வந்து படியில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

---

இஞ்சினியர் தம்பி எழுதியது (வியாழன், மாலை 5.40)

டீச்சர், நான் வருகிறேன். ஷா ஆலாமிலிருந்து ஒரு மணி நேரம்தான். கரிம வேதியியல் எனக்கு வரும். மின்வேதியியலை யாராவது திருப்பிப் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

---

ஆற்றங்கரை எழுதியது (வியாழன், மாலை 6.30)

மின்வேதியியல் நான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை என்னால் முடியும். மண்டபச் சாவி கோயில் ஐயரிடம் இருக்கிறது, பேசிவிட்டேன். தீட்டு சாருடைய வீட்டுக்குத்தான், வகுப்புக்கு இல்லை, தாராளமாக நடத்துங்கள் என்றார்.

---

கிராணி மகள் எழுதியது (வியாழன், இரவு 11.20)

அப்பாவின் மெட்ரோலாக் என்னிடம்தான் இருக்கிறது. அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன், உடையவில்லை. சனிக்கிழமை கொண்டுவரட்டுமா? பிள்ளைகள் பார்க்கலாம். ஆனால் பாலுக்கு எங்கே போவது? இங்கே இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தானே.

---

பழைய லயம் எழுதியது (வெள்ளி, காலை 5.10)

கொண்டு வாம்மா. அவசியம் கொண்டு வா.

செம்பனை நம் ஊரில் வந்ததைப் பற்றிச் சார் சொல்வார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நம் தென்னமரத்தில்தான் போட்டார்கள். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. அப்புறம் எழுபதுகளிலிருந்து ஒவ்வொரு தோட்டமாகக் கித்தாவை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை போட்டார்கள். ஊர்ப் பெயரையே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றியாகிவிட்டது. நமக்கு இன்னும் வாயில் வருவது பழைய பெயர்தான்.

ஈஜோக் பக்கம் என் மச்சான் ஒருவருக்குச் சின்னக் கித்தாக் காடு இருக்கிறது, அறுபது மரம்போல. இன்னும் வெட்டுகிறார். நேற்று ராத்திரி பேசினேன். சனிக்கிழமை விடியற்காலை நானே போய் நின்று ஒரு வாளி வாங்கி, கட்டாமல் இருக்கக் கொஞ்சம் அமோனியா விட்டு, ஒன்பது மணிக்குள் மண்டபத்தில் இருப்பேன். ராத்திரி மழை பெய்தால் வெட்ட மாட்டார். அப்படியென்றால் அடுத்த சனிக்கிழமை.

நுரை வழிக்க ஒரு அட்டைத்துண்டு வேண்டும். யாராவது எடுத்து வாருங்கள்.